கிறிஸ்துமஸ் மரம் வளரவே மாட்டேன் என்கிறது, என்ன உரம் போடலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை வேளச்சேரியில் மூன்றாம் மாடி வீடு. போன டிசம்பரில் இரண்டடி உயரக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை வாங்கி, அழகான பீங்கான் தொட்டிக்கு மாற்றி, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். எட்டு மாதத்தில் நான்கு விரல்கூட வளரவில்லை, கீழே இரண்டு அடுக்குக் கிளைகள் பழுப்பாகிக் காய்ந்துவிட்டன. வேகமாக வளர என்ன உரம் போடலாம், உச்சியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைத்து அடர்த்தியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், மரம் சாகிறதா, இல்லை இதன் சுபாவமே இப்படியா என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வளராமல் இருப்பது சுபாவம். கீழ்க்கிளை இவ்வளவு சீக்கிரம் காய்வது சுபாவம் இல்லை, அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது. இரண்டுக்குமே உரம் மருந்தில்லை. உச்சியை மட்டும் தயவுசெய்து கிள்ளாதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தோட்டக்கலை படித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் நர்சரி வைத்திருப்பவன். டிசம்பர் வந்தால் இந்த மரத்தைச் சென்னைக்கு அனுப்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆகவே விற்கிறவன் பேச்சு என்று கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம்.

கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் நம் நர்சரிகளில் குறைந்தது மூன்று செடிகள் போகின்றன. ஒன்று தூஜா. இன்னொன்று கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும் கோல்டன் சைப்ரஸ். மூன்றாவது அராக்கேரியா. நேரான ஒற்றைத் தண்டு, அதில் அடுக்கு அடுக்காக, குடைக்கம்பி போல நாலா பக்கமும் நீளும் கிளைகள் என்று நீங்கள் போட்டிருக்கும் படத்தில் தெரிவது அராக்கேரியாதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அராக்கேரியாவிலும் இரண்டு இனங்கள் சந்தையில் கலந்து வருகின்றன. ஒன்று நார்ஃபோக் தீவு பைன், மற்றது நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன். இளஞ்செடியாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஹவாயில் நார்ஃபோக் பைன் என்று எல்லோரும் சொல்லும் மரங்களில் பெரும்பாலானவை குக் பைன்தான். உங்களுடையது எது என்று படத்தை வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தொட்டியில் வளர்க்க இரண்டுக்கும் ஒரே பக்குவம்தான் என்பதால் அதில் குழம்ப வேண்டாம். பெயரில் பைன் இருந்தாலும் இது அசல் பைன் குடும்பம் இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் குரங்கு ஏற முடியாத மரம் என்று ஒன்றைக் காட்டுவார்களே, அதற்குத்தான் இது நெருங்கிய சொந்தம். நம்மில் பலர் சவுக்குக் கிளையை வெட்டி மணல் வாளியில் நட்டு நட்சத்திரம் கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள். சவுக்கு ஒரே வருடத்தில் ஆளைத் தாண்டி வளரும். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். நார்ஃபோக் தீவு ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில், தெற்கு அட்சரேகை 29 டிகிரியில் இருக்கிறது. மொத்தப் பரப்பே 35 சதுர கிலோமீட்டர்தான். 1774 அக்டோபரில் கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கியபோது வானுயர நின்ற இந்த மரங்களைப் பார்த்து, கப்பலுக்குப் பாய்மரத் தண்டு ஆகும் என்று கணக்குப் போட்டார். 1788-ல் ஆங்கிலேயர்கள் அங்கே குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தபோது பாய்மரத்துக்கு வேண்டிய உறுதி அதில் இல்லை. ஆனாலும் இன்று அந்தத் தீவின் கொடியில் நடுநாயகமாக நிற்பது இந்த மரம்தான். நமக்கு வேண்டியது அங்குள்ள சீதோஷ்ணம். கோடையிலும் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், 30-ஐ எட்டுவதில்லை. குளிர்கால இரவு 13 டிகிரி வாக்கில். உறைபனி கிடையாது. மழை ஒரே பருவத்தில் கொட்டித் தீர்க்காமல் வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்யும். காற்றில் எப்போதும் கடலின் ஈரம். இதைச் சென்னையோடு ஒப்பிடுங்கள். காற்றின் ஈரம் உங்கள் ஊரில் தாராளமாக இருக்கிறது, அது இந்த மரத்துக்குப் பிடித்த விஷயம். ஆனால் மே மாதத்து 40 டிகிரி அதன் பரம்பரையிலேயே இல்லாத ஒன்று. திருச்சி, மதுரைக்காரர்களுக்கு இன்னும் சிரமம், அங்கே சூட்டோடு வறண்ட காற்றும் சேர்ந்துகொள்ளும். ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பதிலைப் படிக்கவே வேண்டாம், அங்கே அது பாட்டுக்கு வளரும்.

சரி, வளர்ச்சிக்கு வருவோம். தன் தீவில் இது 50 மீட்டருக்கு மேல் வளரும் மரம். மண்ணில் வேரூன்றி, நல்ல வெயிலும் தண்ணீரும் கிடைத்தால் வருடத்துக்கு இரண்டடிகூடப் போகும். அதே மரம் வீட்டுக்குள் தொட்டியில் வருடத்துக்கு 3 முதல் 6 அங்குலம்தான். அடுக்குக் கணக்கில் சொன்னால் வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எட்டு மாதத்தில் நான்கு விரலுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் அது ஏறக்குறைய இரண்டரை அங்குலம். உங்கள் மரம் பெரிதாகப் பின்தங்கவில்லை. காரணம் வெளிச்சம். நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்வதால் ஹால் பளிச்சென்று இருப்பதாக நினைக்கிறோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெட்டவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே, டிவி ஸ்டாண்ட் பக்கத்தில், பெரும்பாலான ஃபிளாட்டுகளில் 200, 300 லக்ஸ் தேறினாலே அதிகம். செடிக்குச் சாப்பாடு வெளிச்சத்தில்தான் தயாராகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் உரத்தைக் கூட்டினால், செடி அதை எடுத்துக்கொள்ளாது. எடுக்காத உரம் தொட்டி மண்ணில் உப்பாகத் தங்கி வேரைச் சுடும். உரம் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம், கஞ்சத்தனம் இல்லை.

இனி உச்சி. செம்பருத்தியையோ மல்லியையோ கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைக்கும் என்பது நமக்கெல்லாம் கையோடு வந்த பழக்கம். இந்த மரத்தில் அந்தப் பழக்கம் செல்லாது. தண்டின் உச்சியில் ஒரே ஒரு வளர்நுனி. அது மேலே போகப் போக, இடைவெளி விட்டு ஒவ்வோர் அடுக்காகக் கிளைகளை விட்டுச் செல்லும். ஓர் அடுக்கு ஒரு முறைதான் உருவாகும். பக்கக் கிளைகளுக்குப் பக்கவாட்டில் வளரத்தான் தெரியும். எவ்வளவு பிடிவாதம் என்றால், பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்து வளர்த்தாலும் அது நிமிர்ந்த மரமாகாமல் தரையோடு படுத்தே வளரும். வருடக்கணக்கில் காத்திருந்தாலும் நிமிராது. உச்சித் துண்டை நட்டால்தான் நேரான மரம் வரும், அதற்கு ஒரு நல்ல மரத்தின் தலையை வெட்ட வேண்டும். அதனால்தான் நாங்கள் பெரும்பாலும் விதையிலிருந்து வரும் கன்றுகளையே வாங்கி வளர்க்கிறோம். உச்சி உடைந்த மரம் செத்துப்போகாது. வெட்டிய இடத்துக்குக் கீழே தண்டிலிருந்து புது நுனி வரலாம். சில சமயம் இரண்டு மூன்றுகூடப் புறப்படும், அப்போது நேராக இருக்கும் ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். ஆனால் பழைய சீரான கோபுர வடிவம் திரும்பாது. கீழ்க்கிளைகளுக்கும் இதே விதிதான். காய்ந்து விழுந்த அடுக்கு இருந்த இடத்தில் மறுபடி கிளை வராது. மற்றத் தொட்டிச் செடிகளில் தப்பு செய்துவிட்டு அடுத்த பருவத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம். இதில் இழந்தது இழந்ததுதான். எனவே இந்த மரத்தில் வளர்ச்சியைத் துரத்துவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதில்தான் கவனம் போக வேண்டும். எந்த மாற்றத்தையும் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும்.

உங்கள் மரத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ளக் கீழே பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள். தொட்டியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, உச்சியைக் கண்ணுக்கு நேராக வையுங்கள். நடுவில் இளம்பச்சை ஊசிகள் ஒன்றையொன்று தழுவிக் குவிந்திருக்கும், விரலால் தொட்டால் மெத்தென்று இருக்கும். அதன் அடியில் தண்டைச் சுற்றிச் சின்னச் சின்ன முளைகள் எட்டிப் பார்த்தால் அடுத்த அடுக்கு தயாராகிறது என்று அர்த்தம். நுனி இப்படி இருந்தால் மரம் உயிரோடு, நல்ல தெம்போடு இருக்கிறது. நுனி பழுப்பாகிச் சரிந்திருந்தால்தான் நிஜமாகவே ஆபத்து. சந்தேகமாக இருந்தால் தண்டின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் நம்பிக்கை உண்டு.

கீழ் அடுக்கு காய்ந்ததற்கு மூன்று காரணங்கள் பொதுவாக உண்டு. ஒரு முறையாவது வேர் முழுக்கக் காய்ந்துபோனது, வேரில் தண்ணீர் தேங்கி அழுகியது, வெளிச்சம் போதாதது. வயதான மரத்தில் அடி அடுக்கு உதிர்வது இயற்கைதான், ஆனால் இரண்டடிக் கன்றில் எட்டு மாதத்தில் இரண்டு அடுக்கு என்பதை வயதின் மேல் போட முடியாது. கிளையின் நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்திருந்தால் பெரும்பாலும் வறட்சி அல்லது உப்பு. கிளை முழுவதும் ஒரே சமயத்தில் வெளிறித் துவண்டிருந்தால் வேரைச் சந்தேகப்படுவேன். இது அனுபவத்தில் சொல்வது. ஒரே மரத்தில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு, படத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு தடயம் இருக்கிறது. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் என்கிறீர்கள், தொட்டியை மாற்றினேன் என்கிறீர்கள். சென்னை நர்சரிகளில் விற்கும் செடிகளில் நிறைய, ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டையோடுதான் அவை பெரும்பாலும் வரும். அந்த உருண்டையை அப்படியே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் தேங்காய் நார்க்கழிவை நிரப்பிவிட்டால், ஊற்றும் தண்ணீர் இளகிய நார்க்கழிவு வழியாக இறங்கிவிடும். வேர் இருக்கும் உருண்டை கல் மாதிரி காய்ந்தே கிடக்கும். மேலே தொட்டால் ஈரம், உள்ளே பாலைவனம். எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

சோதித்துப் பார்க்கக் கருவியெல்லாம் வேண்டாம். எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சி இரண்டு எடுங்கள். ஒன்றைத் தண்டை ஒட்டியும், இன்னொன்றைத் தொட்டியின் விளிம்பை ஒட்டியும் ஆழமாகச் செருகுங்கள். கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். தண்டை ஒட்டிய குச்சி உள்ளே இறங்கவே மறுத்தால், அல்லது உலர்ந்து வந்தால், உருண்டை காய்ந்திருக்கிறது. அப்போது தொட்டியோடு ஒரு பெரிய வாளியில் இறக்கி, தண்ணீர் தொட்டியின் விளிம்புவரை வரும்படி அரைமணி நேரம் வைத்திருங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து நன்றாக வடியவிடுங்கள். மாறாகக் குச்சி சொதசொதவென்று வந்து, முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தால் கதை வேறு. செடியைப் பக்குவமாக வெளியே எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் உறுதியாக இருக்கும், நுனி வெளுப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவற்றை வெட்டி எடுத்துவிட்டு, புது மண்ணில், இருப்பதைவிடச் சிறிய தொட்டியானாலும் பரவாயில்லை என்று வைக்க வேண்டும். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் பிழைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

இனிமேல் தினமும் ஒரு டம்ளர் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காயும்வரை பொறுத்து, காய்ந்ததும் அடித்துளை வழியாக வடிந்து வரும் அளவுக்கு ஒரேயடியாக ஊற்றுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பீங்கான் தொட்டியில் அடித்துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அலங்காரத் தொட்டிகள் பலவற்றில் இருக்காது. எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்காதீர்கள், அது உங்கள் ஹாலையும் மாதத்தையும் பொறுத்தது. தண்ணீர் ஊற்றியதும் தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை மனதில் வைத்துக்கொண்டால் கொஞ்ச நாளில் கையே சொல்லிவிடும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுவது ஃபிளாட்டுகளில் சகஜம். அந்தத் தண்ணீரில், போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், இந்த மரத்துக்கு வேண்டாம். மெட்ரோ தண்ணீர் போதும். வடகிழக்குப் பருவமழையின்போது தொட்டியை பால்கனியில் வைத்து நான்கு மழை நனையவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும், இதற்கு இணையான வைத்தியம் கிடையாது. அரிசி கழுவிய தண்ணீரால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் மூடிய ஹாலில் நாற்றமும் குட்டிக் கொசு மாதிரியான பூச்சியும் வரும். முட்டை ஓடு வேண்டாம். கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் மரத்துக்கு அது நேர் எதிர்.

இடத்தை மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலோ பால்கனியோ இருந்தால் அதுதான் முதல் தேர்வு. காலை வெயில் இரண்டு மணி நேரம் படலாம், மற்ற நேரம் நல்ல வெளிச்சம் இருந்தால் போதும். இத்தனை மாதம் இருட்டில் இருந்த மரத்தைத் திடீரென்று மேற்கு வெயிலில் வைத்தால் ஊசிகள் வெளுத்துக் கருகும், கருகியது திரும்பப் பச்சையாகாது. இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஜன்னலை நோக்கி நகர்த்துங்கள். வெளிச்சம் போதாத மரம் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்றால், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைவெளி வழக்கத்தைவிட நீளும், கிளைகள் தொங்கும். சிலர் அதைப் பார்த்துவிட்டு வேகமாக வளர்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்! இன்னொன்று, வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்புங்கள். திருப்பாமல் விட்டால் தண்டு ஜன்னல் பக்கம் சாயும், மறுபக்கக் கிளைகள் நலியும்.

ஏசியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். 24 டிகிரியில் ஓடும் ஏசி அறை வெப்பத்தளவில் இந்த மரத்தின் சொந்த ஊருக்கு வெளி பால்கனியைவிட நெருக்கமானது. தொந்தரவு குளிர்ச்சியில் இல்லை, வறட்சியில்தான். ஏசியின் காற்று நேராக மேலே படாமல் வைத்தால் கோடையில் அந்த அறையிலேயே இருக்கட்டும். இலைமேல் ஸ்பிரே அடிப்பது சில நிமிடங்களுக்கு மேல் ஈரத்தைத் தக்கவைக்காது. அடிக்கிறவருக்குத் திருப்தி, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை பாத்ரூமுக்குத் தூக்கிப்போய் ஷவரில் மெதுவாகக் குளிப்பாட்டினால் தூசி போகும், சிலந்திப்பேனும் அண்டாது. அதற்கு மதிப்பு உண்டு.

பூச்சி என்று பார்த்தால் மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப்பேன் இந்த மூன்றும்தான் வழக்கமான விருந்தாளிகள். கிளை தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. சிகிச்சையில் ஓர் எச்சரிக்கை. பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைத் தாராளமாக அடிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. இந்த மரம் கடல் உப்புக் காற்றைத் தாங்கும் என்பதால்தான் ஆஸ்திரேலியாவில் சிட்னியின் மேன்லி போன்ற கடற்கரைகளில் வரிசையாக நட்டார்கள். அப்படி நின்ற மரங்களே பின்னாளில் வாடத் தொடங்கின. கழிவுநீரோடு கடலில் கலந்த டிடர்ஜென்ட், அலைத்துளியோடு காற்றில் வந்து ஊசிகளின் மெழுகுப் பூச்சைக் கெடுத்ததும், அந்த வழியாக உப்பு உள்ளே புகுந்ததும்தான் காரணம் என்று கண்டறிந்தார்கள். உப்பை மட்டும் தாங்கிய மரம், உப்பும் சோப்பும் சேர்ந்ததைத் தாங்கவில்லை. சென்னைத் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. எனவே மாவுப்பூச்சியை முதலில் ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பதானால் அதைக் கரைக்க வேண்டிய அளவு சோப்பு மட்டும் சேர்த்து, ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, மாலையில் அடித்து, மறுநாள் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

மண் மாற்றுவது, உரம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வேர் நலமாக இருந்தால் இந்த வருடம் தொட்டியை மறுபடி தொடாதீர்கள். இதற்கு வேர் குறைவு, கலைத்தால் கோபித்துக்கொள்ளும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை, கத்திரி வெயில் கழிந்து சூடு தணிந்த பிறகு, இரண்டு அங்குலம் மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். செம்மண், கழுவிய நார்க்கழிவு, பெர்லைட் (மண்ணை இளக்கமாக வைக்கும் வெள்ளைத் துகள்) அல்லது தூசி சலித்த பருமணல், ஒரு பிடி மண்புழு உரம், இவ்வளவுதான் கலவை. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலேயே உப்பு இருக்கும். களிமண் உருண்டையை முழுக்க உடைக்காமல், ஊறவைத்து வெளிச்சுற்றை மட்டும் இளக்குங்கள். உரத்தை, புது அடுக்கு ஒன்று ஆரோக்கியமாக வந்த பிறகு ஆரம்பிக்கலாம். நீரில் கரையும் உரம் ஏதாவது ஒன்றை, பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு அளவில், வளரும் மாதங்களில் மாதம் ஒரு முறை.

காய்ந்த இரண்டு அடுக்குகளை வெட்டிவிடலாம், தண்டில் காயம் படாமல் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். வரும் டிசம்பரில் அலங்காரம் செய்ய ஆசை இருந்தால் செய்யுங்கள், ஆனால் காகித நட்சத்திரம், ரிப்பன், எல்இடி சீரியல் பல்பு இந்த எடைக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி உருண்டைகள் தொங்கவிட்ட கிளை அப்படியே வளைந்து நின்றுவிடும். செயற்கைப் பனி ஸ்பிரே ஊசிகளை மூடிவிடும், அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. எல்லாம் சரியாகப் போனால் பத்துப் பதினைந்து வருடத்தில் இது கூரையைத் தொடும். உயரத்தைக் குறைக்க வெட்ட முடியாது, காரணம் மேலே சொன்னேன். அப்போது அபார்ட்மென்ட் சுவரோரம் நட்டுவிடலாம் என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். மண்ணில் இறங்கினால் இது பல மாடி உயரம் போகிற மரம். கட்டடத்திலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் நன்றாகத் தள்ளி, இடம் உள்ள ஒரு பள்ளிக்கோ தேவாலயத்துக்கோ கொடுங்கள். ஒருவேளை உங்களுடையது குக் பைனாக இருந்து, அங்கே அது சாய்வாக வளர்ந்தால் நட்டவர்களைத் திட்ட வேண்டாம். அந்த இனம் உலகில் எங்கே வளர்ந்தாலும் பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்கிறது என்று 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது, ஐந்து கண்டங்களில் அளந்ததில் சராசரிச் சாய்வு சுமார் எட்டரை டிகிரி. நம் ஊரில் என்றால் தெற்குப் பக்கம் சாயும். நடும்போது தெற்கே கொஞ்சம் கூடுதலாக இடம் விடச் சொல்லுங்கள்.